புள்ளிக்கு அடுத்த எழுத்து

பயிற்சிக்குப் போன பள்ளியில் பெரிய டீச்சர் என் கையில் முதலில் கொடுத்தது மூன்றாம் வகுப்பு ஆங்கில நோட்டுக் கட்டு. சிவப்புப் பேனா தரவில்லை. “திருத்தாதம்மா. சும்மா படி. எந்தப் பிள்ளை எங்க கேப்பிட்டல் போட்டிருக்கு, ஏன் போட்டிருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்.

எங்கே போட்டிருக்கிறது என்பதை யாரும் சொல்லிவிடலாம். ஏன் போட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் அங்கே தொழில். அது கைவர ஒரு பருவம் முழுக்க அவர் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது.

முசிறிக்குப் பக்கத்தில், காவிரியின் வடகரையில் இருக்கிற ஈராசிரியர் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள். தலைமையாசிரியையான பெரிய டீச்சரும் இன்னொரு ஆசிரியரும்தான். பிள்ளைகளின் வீடுகளில் வாழை வேலை, கோரை அறுப்பு, பாய் நெசவு. நான் தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இரண்டாம் ஆண்டு. போகும்போதே ‘கேப்பிட்டல் லெட்டர் போடும் இடங்கள்’ என்று ஒரு சார்ட் எழுதி எடுத்துப் போயிருந்தேன். வாக்கியத்தின் தொடக்கம், ஆட்பெயர், ஊர்ப்பெயர், கிழமை, மாதம், பண்டிகை, மொழி, ‘நான்’ என்பதற்கு வரும் ஒற்றை ‘ஐ’ என்று எல்லாம் வரிசையாக, ஓரத்தில் பூவேலையோடு. பெரிய டீச்சர் பார்த்தார். “நல்லா எழுதியிருக்க. சுவத்துல மாட்டிரு. பிள்ளைங்க பாக்காது, ஆய்வுக்கு வர்றவங்க பாப்பாங்க.” கிண்டலில்லை. அவரே நல்ல இடமாகப் பார்த்து ஆணி அடித்துக் கொடுத்தார்.

நோட்டுக் கட்டுக்கு வருகிறேன். ஒரு பெண் ‘டேபிள்’ என்று எழுதும்போது நடுவில் வருகிற ‘பி’யை மட்டும் பெரிதாக எழுதியிருந்தாள். ‘ரப்பர்’ என்ற சொல்லில் இரண்டு ‘பி’யுமே பெரிது. மற்ற எழுத்தெல்லாம் ஒழுங்காகச் சின்னது. பெரிய டீச்சர் அவளை மேசைக்குக் கூப்பிட்டு, பேட், பால் எழுதுகிற சின்ன ‘பி’யை ஒரு தாளில் எழுதச் சொன்னார். அவள் பென்சிலைத் தாளில் வைத்தபடி நின்றாள். வயிறு எந்தப் பக்கம் என்று நிச்சயமில்லை. சின்ன எழுத்தில் அந்தப் ‘பி’க்கும், டாக் எழுதுகிற ‘டி’க்கும் ஒரே கம்பு, ஒரே வயிறு; பக்கம்தான் மாறும். பெரிய எழுத்தில் அந்தக் குழப்பம் வராது. ‘டி’க்கு ஒரு வயிறு, ‘பி’க்கு இரண்டு. ஆகவே எங்கெல்லாம் சந்தேகமோ அங்கெல்லாம் பெரிய எழுத்தைப் போட்டு அவள் தப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

“புத்திசாலிப் பிள்ளை. இவகிட்டப் போயி கேப்பிட்டல் விதி நடத்துனா ரெண்டையும் சேத்துக் குழப்பிக்கும். இவளுக்கு வயிறு எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும், இந்தப் பெரிய எழுத்து தானா உதிர்ந்துரும்” என்றார். தட்டில் ஆற்று மணலைப் பரப்பி, சில வாரம் அந்த இரண்டு எழுத்தை மட்டும் அவள் விரலால் எழுதினாள். உதிர்ந்துதான் போனது.

இன்னொரு நோட்டில் வேறு சங்கதி. பையன் எல்லாம் சரியாக எழுதியிருப்பதாகத்தான் முதலில் தெரியும். உற்றுப் பார்த்தால் ‘சி’, ‘ஓ’, ‘எஸ்’, ‘வி’, ‘டபிள்யூ’, ‘எக்ஸ்’, ‘இஸட்’ ஆகிய ஏழும் பெரிதா சின்னதா என்று சொல்ல முடியாத ஓர் அளவில் இருக்கும். இந்த ஏழுக்கும் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒரே உருவம். உயரம் ஒன்றுதான் வித்தியாசம். மற்ற எழுத்துகளில் பிள்ளை எதை நினைத்து எழுதியது என்பது உருவத்திலேயே தெரிந்துவிடும். இவற்றில் கோடு காட்டிக்கொடுத்தால்தான் உண்டு.

நாலு கோடு நோட்டு எதற்கு என்று எனக்கு உறைத்தது அப்போதுதான். நானும் அதில் எழுதிப் பழகியவள்தான். கையெழுத்து அழகாக வருவதற்கு என்று நினைத்திருந்தேன். மேலே ஒரு சிவப்பு, நடுவில் இரண்டு நீலம், கீழே ஒரு சிவப்பு. பெரிய எழுத்து எதுவானாலும் மேல் சிவப்பிலிருந்து இரண்டாம் நீலம் வரை. சின்ன எழுத்தில் ‘ஏ’, ‘சி’, ‘எம்’, ‘ஓ’ போன்றவை நீலங்களுக்கு நடுவே அடங்கிவிடும். சில மேலே போகும், சில கீழே தொங்கும். ஒற்றைக்கோடு நோட்டுக்குச் சீக்கிரமாக மாறிய பிள்ளைகளுக்குத்தான் இந்த ஏழும் தடுமாறும் என்பது பெரிய டீச்சரின் கணக்கு. வீட்டில் ஒற்றைக்கோடு நோட்டு வாங்கிக் கொடுத்தால் அதிலேயே ஸ்கேல் வைத்து நடுக்கோடு போடச் சொல்வார்.

மூன்றாவது ரகம், எல்லாவற்றையும் பெரிய எழுத்திலேயே எழுதுகிறவர்கள். இவர்களைத் திட்டவே கூடாது என்பது அவர் கட்சி. பிள்ளை ஆங்கிலத்தைப் பார்க்கிற இடமெல்லாம் பெரிய எழுத்துதான்: உரக்கடைப் பலகை, லாரியின் நெற்றி, வண்டி நம்பர், குளித்தலை ரயில் நிலையத்தின் மஞ்சள் பலகை. போதாக்குறைக்கு ஒன்றாம் வகுப்பில் நாம் முதலில் கற்றுக்கொடுப்பதும் அதைத்தான். மான்டிசோரி முறையில் இது தலைகீழ். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளைப் பிள்ளை விரலால் தடவிப் பழகும். முதலில் கைக்கு வருவது சின்ன எழுத்து. மரியா மான்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து, உலகப்போர் முடியும்வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அத்தனை பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தும் நம் அரிச்சுவடியில் பெரிய எழுத்தே முன்னால் நிற்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. ‘மை நேம் இஸ் மாலா’ என்று ஆங்கிலத்தில் எழுதினால் பன்னிரண்டு எழுத்து. அதில் இரண்டுதான் பெரிது. பத்து எழுத்துக்கான வேலையைப் பின்னால் தள்ளிவிட்டு இரண்டுக்கானதை முதலில் நடத்துகிறோம்.

அப்படி எழுதிய பையன்களில் ஒருவன் கேட்டான்: “எங்கப்பா பேங்கு சீட்டுல எல்லாத்தையும் பெருசாத்தான் எழுதுவாரு. அது தப்பா டீச்சர்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பெரிய டீச்சர் சொன்னார்: “தப்பே இல்லடா. கட்டம் போட்ட பாரத்துல அப்படித்தான் எழுதணும்னு அதுலயே அச்சடிச்சிருப்பான். கம்ப்யூட்டர்ல ஏத்துறவங்களுக்கு எழுத்து தெளிவாத் தெரியணும்ல. அது பாரத்து எழுத்து. இது நோட்டு எழுத்து. உங்கப்பாவுக்கு அது தெரியும், உனக்கு ரெண்டும் தெரியணும்.” பையன் தலையை நிமிர்த்திக்கொண்டு போனான். அப்பாவின் கையெழுத்தைக் குறைத்துப் பேசியிருந்தால் அந்த வருஷத்து ஆங்கிலம் அவனிடம் அதோடு முடிந்திருக்கும்.

இந்த மூன்று ரகத்தையும் கழித்துவிட்டால்தான் உண்மையான கேப்பிட்டல் பாடமே தொடங்குகிறது. அங்கேயும் பெரிய டீச்சர் நேராகப் போகவில்லை. வாக்கியத்தின் முதல் எழுத்து பெரியது என்பது எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். கேட்டால் கோரஸாகச் சொல்லும். ஆனாலும் நோட்டில் வராது. வாக்கியம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாததுதான் காரணம். போன வாக்கியம் எங்கே முடிந்தது என்று தெரிந்தால் அல்லவா இது எங்கே தொடங்குகிறது என்று தெரியும்?

தமிழில் இந்தத் தொல்லை குறைவு. ‘போனேன்’, ‘சாப்பிட்டேன்’, ‘வந்தாங்க’ என்று வினைமுற்று விழுந்தால் காதே முடிவைச் சொல்லிவிடும். புள்ளி வைக்காமல் எழுதினாலும் எங்கே நிறுத்தி மூச்சு விடுவது என்பது பிள்ளைக்குத் தெரியும். ஆங்கிலத்தில் வினை நடுவிலேயே வந்து போய்விடுகிறது. ‘ஐ வென்ட் டு ஸ்கூல் ஐ ஏட் இட்லி ஐ ப்ளேட்’ என்று ஒரு மூச்சில் எழுதுகிற பிள்ளைக்கு ‘ஸ்கூல்’ என்பது முடிவு மாதிரியே படாது. கேப்பிட்டல் வரவில்லை என்று நாம் சுழிக்கிற இடங்களில் பாதி, புள்ளி வராத இடங்கள்.

அதற்கு அவர் வைத்திருந்த வழி வராந்தா. பிள்ளை தன் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதைத் தானே சத்தமாகப் படித்தபடி நடக்க வேண்டும். ஒரு சேதி முடிந்ததாகத் தோன்றினால் நிற்க வேண்டும். நின்ற இடத்தில் புள்ளி. மற்றவர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்பார்கள். நிற்காமல் போனால் “ஏய், முடிஞ்சுருச்சு, நில்லு” என்று கத்துவார்கள். தேவையில்லாத இடத்தில் நின்றால் அதற்கும் கத்தல். ‘ஐ வென்ட் டு’ என்று சொல்லி நின்ற ஒருவனிடம் “எங்கடா போன?” என்று திண்ணை முழுக்கக் கேட்டது. அந்த ஒரு கேள்வியில் அவன் கற்றதை நான் அரை மணி நேரம் பேசியும் கொடுத்திருக்க முடியாது. புள்ளி வந்த பிறகு ஒரே ஒரு வரிதான் பாடம்: “புள்ளிக்கு அடுத்தது மேல் சிவப்பைத் தொடணும்.”

டிக்டேஷனிலும் இதையே கொஞ்சம் மாற்றிச் செய்வார். கேப்பிட்டலுக்கென்று தனி ஓசை கிடையாது. காதில் விழாததைப் பிள்ளை எழுதியாக வேண்டும். எனவே சொல்லி முடித்ததும் பென்சிலைக் கீழே வைக்கச் சொல்வார். அப்புறம் நீலக் கிரேயான். முதலில் புள்ளிகளைத் தேடி வட்டமிட வேண்டும், பிறகு அதற்கு அடுத்த எழுத்தைப் பார்க்க வேண்டும். எழுதுகிற நேரமும் சரிபார்க்கிற நேரமும் வேறுவேறு என்று ஆகிவிட்டால் பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. ஸ்பெல்லிங்கையும் கேப்பிட்டலையும் ஒரே சமயத்தில் யோசிக்கச் சொன்னால் இரண்டுமே போய்விடும்.

பெயர்ச்சொல் பாடம் இன்னும் சுவாரசியம். ‘இது பொதுப்பெயர், இது சிறப்புப்பெயர்’ என்று அவர் ஆரம்பிக்கவே இல்லை. “வாசல்ல நின்னு ‘பையா’ன்னு கூப்பிட்டா எத்தனை பேரு திரும்புவாங்க?” எல்லாரும். “‘ரவி’ன்னு கூப்பிட்டா?” ரவி. அப்படியானால் ரவிக்குப் பெரிய எழுத்து, பையனுக்குச் சின்ன எழுத்து. ஆறு என்றால் ஊருக்கு ஊர் ஆறு இருக்கிறது, காவிரி என்றால் இதுதான். பாலம் சின்னது, முசிறி பெரியது. பள்ளிக்கூடம் என்று பொதுவாகச் சொன்னால் சின்னது. நம் பள்ளியின் பலகையில் இருக்கிற முழுப் பெயரில் வரும்போது அதே சொல் பெரியது.

ஒரு பெண் உடனே மடக்கினாள். “நாலாவதுல ரெண்டு ரவி இருக்கான் டீச்சர்.” வகுப்பு சிரித்தது. பெரிய டீச்சர் சிரிக்கவில்லை. “ரெண்டு பேரு இருந்தாலும் அவன் பேரும் ரவி, இவன் பேரும் ரவி. வச்ச பேரு. பையன்கிறது யாராச்சும் வச்ச பேரா?” என்று கேட்டார். கூப்பிட்டால் திரும்புகிற சோதனையிலிருந்து வைத்த பெயரா என்ற சோதனைக்கு அவர் அந்த நொடியே மாறினார். பிள்ளை ஓட்டை கண்டுபிடித்தால் சோதனையை விட்டுக்கொடுத்துவிட வேண்டும். அதையே பிடித்துத் தொங்கக் கூடாது.

பொங்கலில் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான். பண்டிகை என்றால் பெரிய எழுத்து. இலையில் வைத்தால் சின்ன எழுத்து. ‘பொங்கல் அன்று பொங்கல் சாப்பிட்டோம்’ என்று ஆங்கிலத்தில் எழுதச் சொன்னோம். ஒரே சொல் ஒரே வரியில் இரண்டு வேஷம் போடுவது அவர்களுக்கு அவ்வளவு பிடித்துப்போனது, தேவையே இல்லாத இடத்தில் எல்லாம் பொங்கல் சாப்பிட ஆரம்பித்தார்கள். அம்மாவுக்கும் இதே கதை. ‘மதர்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘மை’ இருந்தால் சின்னது. ‘மை’ இல்லாமல் பேர் சொல்லுகிற மாதிரி ‘மதர் வந்தார்’ என்றால் பெரியது. அந்த இடத்தில் அம்மாவின் சொந்தப் பெயரைப் போட்டுப் பார் என்பார் டீச்சர். ‘மை மீனாட்சி’ என்று யாரும் சொல்ல மாட்டார்களே.

நான் திணறியது கிழமைகளில். திங்கட்கிழமை வாராவாரம் வருகிறது, அதற்கு எதற்குப் பெரிய எழுத்து? மே மாதத்துக்குப் பெரிய எழுத்து என்றால் அந்த மே மாதத்தில் வருகிற கோடைக்கு ஏன் சின்ன எழுத்து? தமிழ்ப் பாடத்துக்கும் இங்கிலீஷ் பாடத்துக்கும் பெரியது, கணக்குக்கும் அறிவியலுக்கும் மட்டும் ஏன் சின்னது? கடைசிக் கேள்விக்குப் பதில் இருக்கிறது: தமிழும் ஆங்கிலமும் மொழிகளின் பெயர், பாடம் என்பது அப்புறம். மற்ற இரண்டுக்கும் நான் ஏதேதோ காரணம் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய டீச்சர் தடுத்தார்.

“காரணம் இருக்கறதுக்குக் காரணம் சொல்லு. இது வழக்கம். வழக்கம்னு சொல்லிட்டு மனப்பாடம் பண்ணச் சொல்லு. ஏழு கிழமை, பன்னெண்டு மாசம். எல்லாத்துக்கும் நியாயம் கண்டுபிடிச்சுச் சொன்னோம்னா, பிள்ளை அந்த நியாயத்தை எடுத்துட்டுப் போயி கோடைக்கும் பெரிய எழுத்துப் போட்டுரும்.”

அவரிடம் நான் கற்றதிலேயே எனக்கு முக்கியமாகப் படுவது இது. அதன் பிறகு என் சார்ட்டையே வேறு மாதிரி பார்த்தேன். அதில் பாதி காரணமுள்ளவை, பாதி வழக்கம். பிரெஞ்சுக்காரர்களும் ஸ்பானியர்களும் கிழமையையும் மாதத்தையும் சின்ன எழுத்தில்தான் எழுதுகிறார்கள்; அவர்கள் வாரமும் ஓடத்தான் செய்கிறது. ஜெர்மன் மொழியில் மேசை, நாற்காலி, நாய் என்று எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்து. ஆங்கிலமே ஒரு காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. 1787இல் எழுதிய அமெரிக்க அரசியல் சாசனத்தின் மூலப்படியைப் பார்த்தால் பெயர்ச்சொற்கள் வரிக்கு வரி தலை தூக்கி நிற்கும். ‘நான்’ என்பதற்கான ‘ஐ’ மட்டும் ஆங்கிலத்தில் எப்போதும் பெரியது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதே ‘நான்’ சின்ன எழுத்து. ஆங்கிலேயருக்குத் தன்மதிப்பு அதிகம் என்று சிலர் கதை சொல்வார்கள். ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப்போன சொல் கையெழுத்துப் படிகளில் பக்கத்துச் சொல்லோடு ஒட்டித் தொலைந்துவிடாமல் இருக்க நீட்டி எழுதியதுதான் அதன் தொடக்கம் என்பதே எனக்கு நம்பும்படி இருக்கிறது.

இன்னும் பின்னால் போனால் சின்ன எழுத்தே கிடையாது. ரோமில் 113ஆம் ஆண்டில் எழுந்த ட்ராஜன் தூணின் அடிப்பீடத்தில் வெட்டியிருப்பது முழுக்கப் பெரிய எழுத்து. இன்று நாம் எழுதும் சின்ன எழுத்துகளுக்குத் தாய், எட்டாம் ஒன்பதாம் நூற்றாண்டுகளில் சார்லமேன் ஆண்ட காலத்தில் ஐரோப்பிய மடங்களில் பரவிய ஒரு கையெழுத்து. இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்து எழுதி, எதற்கு எது என்று பங்கு பிரித்ததெல்லாம் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல நடந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு ஆர்வத்தோடு போய்ச் சொன்னேன். “நல்லது. நீ தெரிஞ்சு வச்சுக்க. மூணாவதுக்கு நடத்திராத” என்றார்.

திருத்துவதற்கு அவர் வைத்திருந்த முறையைக் கடைசியில்தான் கைக்கொண்டேன். வரிக்குள் கை வைக்க மாட்டார். தப்பு இருக்கிற வரிக்கு நேரே ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. இரண்டு தப்பு என்றால் இரண்டு புள்ளி. எங்கே என்று தேடுவது பிள்ளையின் வேலை. அதிலும் ஒரு நாளைக்கு ஒரு வகைத் தப்புதான். இன்று வாக்கியத் தொடக்கம் என்றால் ஊர்ப்பெயர் சின்ன எழுத்தில் இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டார். 2022இல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்கார வைக்கிறோம் அல்லவா, அதில் அரும்பில் இருக்கிறவர்களின் நோட்டில் கேப்பிட்டலுக்காக அவர் ஒரு புள்ளிகூட வைத்ததில்லை. எழுத்து கூட்டிப் படிக்கவே தவிக்கிற பிள்ளைக்கு அது அநாவசியம். நோட்டைப் பார்க்கிற பெற்றோரில் சிலருக்கு இது பிடிக்காது. டீச்சர் தப்பைப் பார்க்காமல் விட்டுவிட்டார் என்று கேட்க வருவார்கள். உட்கார வைத்து, அந்தப் பிள்ளையின் போன மாத நோட்டை எடுத்துக் காட்டுவார்.

பருவம் முடிகிற சமயத்தில் நான்காம் வகுப்பில் ஒருவன் கடைக் கவர்களும் அட்டைகளுமாகக் கொண்டுவந்து கொட்டினான். அமேசான் அட்டைப்பெட்டியில் பெயர் முழுக்கச் சின்ன எழுத்து. வைத்த பெயர்தானே, ஏன் தலை தூக்கவில்லை? அக்காவின் போனில் பார்த்ததாக இன்னொன்று: வாட்ஸ்அப்பில் நடுவிலே ஒரு பெரிய ‘ஏ’. இந்த முறை பெரிய டீச்சர் பேசாமல் என்னைப் பார்த்தார்.

பெட்டியில் இருப்பது கம்பெனி போட்ட படம், அதை எப்படி வேண்டுமானாலும் வரைவார்கள். நாம் நோட்டில் எழுதும்போது ஊர்ப்பெயர் மாதிரி முதல் எழுத்தைப் பெரிதாக எழுத வேண்டும் என்றேன். வாட்ஸ்அப்பில் இரண்டு சொல் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரண்டாவது சொல் எங்கே தொடங்குகிறது என்று காட்டத்தான் அந்த ‘ஏ’. அவர்கள் வைத்த பெயர், வைத்தபடியே எழுது என்றேன். அவன் திருப்தியாகப் போய்விட்டான்.

“சரி, நாளைக்கு அவன் ஐஃபோனைக் கேப்பான்” என்றார் பெரிய டீச்சர். “முதல் எழுத்து சின்னது, ரெண்டாவது பெருசு. அது வாக்கியத்தோட முதல்ல வந்தா என்ன பண்ணுவ?”

கொஞ்ச நேரம் யோசித்தேன். “வாக்கியத்தை மாத்தி, அது நடுவுல வர்ற மாதிரி எழுதச் சொல்லுவேன் டீச்சர்.”

“பத்திரிகைக்காரங்களும் அதைத்தான் பண்றாங்க” என்றார்.